அழியும் பொருளும் கலையும்

அவையோர்க்கு வணக்கம்.

கல்லில் செதுக்கியதும் செம்பில் வார்த்ததும் நிலைக்கும் என்ற நம்பிக்கையில் நெடுங்காலம் கலை வளர்ந்தது. இன்றைய கலைஞர்களுள் பலரோ பழத்தோல், பனிக்கட்டி, மெழுகு என நாள்பட நில்லாதவற்றை அறிந்தே கையில் எடுக்கிறார்கள். அத்தகைய படைப்பில் நாம் காக்க வேண்டியது பொருளையா, அது மாறிக்கொண்டிருப்பதையா என்பதையே இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

அமெரிக்கக் கலைஞர் ஸோயி லெனார்ட், நண்பர் ஒருவரின் மறைவுக்குப் பின், உண்டு முடித்த ஆரஞ்சு, வாழை, எலுமிச்சைத் தோல்களை நூலாலும் கம்பியாலும் பொத்தான்களாலும் மீண்டும் பழ உருவில் தைத்தார். 1992 முதல் 1997 வரை நீண்ட அந்த வேலையில் ஏறத்தாழ 300 பழங்கள் சேர்ந்தன. சிதைவைத் தடுத்து நிறுத்தும் முறையொன்றை, கலைப்பொருட்களைப் பேணும் வல்லுநர் ஒருவர் அவருக்காகக் கண்டறிந்தும் கொடுத்தார். அவ்வாறு நிலைநிறுத்தப்பட்டவற்றைக் கண்ட பிறகே, தமக்கு வேண்டியது அதுவன்று என லெனார்ட் தெளிந்தார். எவ்வளவு தைத்தாலும் திரும்பி வாராததைத் தைத்துப் பார்க்கும் துயரமே அந்தப் படைப்பு. தோல் சுருங்கி உதிர்வதை நிறுத்திவிட்டால் தையல் வெறும் அலங்காரமாகிவிடும். பிலடெல்பியா கலை அருங்காட்சியகம் அதை அழிவோடு சேர்த்தே ஏற்றுக்கொண்டது. பொருளைக் காப்பதற்கென்றே அமைந்த ஒரு நிறுவனம் அதற்கு இசைந்ததை நான் பெருந்துணிவு என்றே சொல்வேன்.

அமெரிக்கச் சிற்பி ஈவா ஹெஸ்ஸின் நிலை இவ்வளவு தெளிவானதன்று. 1960களின் இறுதியில் அவர் துணியில் பூசிய லேடெக்ஸ் என்னும் ரப்பர் பால், அப்போது ஒளி ஊடுருவும் மென்மையோடு தொங்கியது. காற்றும் வெளிச்சமும் பட்டுப் பட்டு, பின்னர் பழுப்பேறி விறைத்துப்போனது. அது நீடிக்காது என்பதை அவர் அறிந்திருந்தார். விலைகொடுத்து வாங்குவோரை நினைத்துச் சற்றுக் குற்றவுணர்வு கொள்வதாகவும் கூறியிருந்தார். 1970இல், 34 வயதிலேயே அவர் மறைந்துவிட்டதால், புதிதாக வார்த்துச் செய்யலாமா என்று கேட்க இன்று ஆளில்லை. அப்படிச் செய்வதை என் மனம் ஏற்கவில்லை. அவர் கைபட்ட பொருள் முதுமையடைவதைக் காண நேர்வது வருத்தமே எனினும், அதை மறைத்து இளமையைக் காட்டுவது அவருடைய படைப்பாகாது.

மாற்றத்தைத் தேய்வாக மட்டும் காணாத கலைஞரும் உண்டு. யோசெஃப் பாய்ஸ் 1982இல் ஜெர்மனியின் காசெல் நகரில் 7,000 மரங்களையும், ஒவ்வொன்றின் அருகிலும் பசால்ட் என்னும் எரிமலைப் பாறையாலான ஒரு கல்லையும் நடும் பணியைத் தொடங்கினார். அருங்காட்சியகத்தின் முன் குவித்திருந்த கற்குவியல், மரம் நட நடத்தான் குறைந்தது. 1986இல் அவர் இறந்தார். மறு ஆண்டு கடைசி மரத்தை அவருடைய மகன் நட்டார். அன்று மெலிந்த கன்றுகளாக இருந்தவை இன்று ஓங்கிப் படர்ந்துள்ளன. கற்கள் அன்றைய உயரத்திலேயே அவற்றின் நிழலில் நிற்கின்றன.