கண் மங்கினால் இதயத்தையும் பாருங்கள்

[திரையில்: மதுரை அண்ணா நகர், காலை நேரம். கண் பரிசோதனைக்கு வந்து இறங்கும் முதியவர்கள்]

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது. லென்ஸும் வைத்தாயிற்று. ஆனாலும் அப்பத்தாவுக்கு எதிரே நிற்கும் பேரனின் காது தெரிகிறது, தலைமுடி தெரிகிறது, மூக்கும் வாயும் மட்டும் கலங்கலாக இருக்கிறது. "வயசாயிருச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலோடு விட்டுவிட வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த வீடியோ.

1976ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் போனாலும் கண்புரை என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கண்ணின் பின்பக்கம் ஒளியைப் பிடித்துக் காட்சியாக்கும் படலமான விழித்திரை பற்றித்தான் அந்த அளவுக்குப் பேச்சில்லை.

விழித்திரையின் நடுவில் மாகுலா என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. முகம் பார்க்க, பேப்பர் படிக்க, ஊசியில் நூல் கோக்க அதுதான் வேண்டும். வயதாக ஆக அதற்கு அடியில் ட்ரூசன் என்ற மஞ்சள் படிவுகள் சேரலாம். மேலே உள்ள செல்கள் நலிந்தால் நடுப்பார்வை மங்கும். இதுதான் மாகுலா சிதைவு. லென்ஸ் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

[திரையில்: கழுத்திலிருந்து கண்ணுக்குப் போகும் ரத்தக்குழாயின் படம்]

சரி, இதில் இதயம் எங்கே வருகிறது? இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தம் கழுத்திலுள்ள கரோட்டிட் குழாய் வழியாக மூளைக்கு ஏறுகிறது. அந்த வழியில் பிரியும் முதல் பெரிய கிளை கண்ணுக்குப் போகிறது. விழித்திரைக்குப் பின்னால் கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலம் உண்டு. எடைக்கு எடை பார்த்தால் உடம்பிலேயே மிக அதிகமாக ரத்தம் ஓடும் இடங்களில் அது ஒன்று. கண்மாயில் தண்ணீர் குறைந்தால் கடைமடை வயல் வாடுகிறதல்லவா, அதுபோல இதயம் தளர்ந்தாலோ கழுத்துக் குழாயில் கொழுப்பு அடைத்தாலோ கோராய்டும் வாடக்கூடும்.

நியூயார்க்கில் மவுண்ட் சினாய் ஆராய்ச்சியாளர்கள் மாகுலா சிதைவு உள்ள சுமார் 200 பேரைப் பார்த்து 2022ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிலருக்குப் படிவுகள் வழக்கமான இடத்தில் இல்லாமல், அதற்கு மேலே, விழித்திரையை ஒட்டியே இருந்தன. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, வால்வு கோளாறு, பக்கவாதம் போன்றவை அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. மாகுலா சிதைவு வந்த எல்லோருக்கும் இதயநோய் இருக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் இந்தப் படிவு தெரியும். அதனால் "டாக்டர், படிவு எந்த இடத்தில் இருக்கிறது? இதய டாக்டரைப் பார்க்கணுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

பீடி, சிகரெட் கண்ணையும் இதயத்தையும் சேர்த்தே கெடுக்கின்றன. மாகுலா சிதைவில் நம்மால் மாற்றிக்கொள்ள முடிந்த காரணங்களில் புகைதான் முதலிடம். பொன்னாங்கண்ணி, முருங்கைக் கீரை சாப்பிடுங்கள், மாகுலாவுக்கு வேண்டிய லூட்டீன் அவற்றில் உண்டு. 'கண் சத்து மாத்திரை' என்று மெடிக்கலில் கேட்டு வாங்குவது மட்டும் வேண்டாம். புகைப்பவர்களுக்கு, முன்பு புகைத்து விட்டவர்களுக்கும்கூட, அப்படிப்பட்ட சில மாத்திரைகளில் சேர்க்கப்படும் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் 2013ல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு மாகுலா சிதைவுக்கான சத்து மாத்திரைக் கலவையிலிருந்து அதை நீக்கி லூட்டீன் சேர்த்தார்கள்.

அப்புறம், மாகுலாவுக்கு அடியில் புது ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும் ஈர வகை மாகுலா சிதைவுக்குக் கண்ணில் ஊசி போடுவார்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்திருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதய மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

[திரையில்: ஒரு கண் மட்டும் இருளும் காட்சி]

இனிச் சொல்லப்போவது அவசரமான விஷயம். வலியே இல்லாமல் ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று இருட்டு இறங்கும், சில நிமிடங்களில் பார்வை திரும்பிவிடும். "வந்துருச்சே, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று படுத்துவிடாதீர்கள். கழுத்துக் குழாயிலிருந்தோ இதயத்திலிருந்தோ ஒரு சிறு துணுக்கு உடைந்து கண்ணின் குழாயை அடைத்து விலகியிருக்கலாம். அடுத்த துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். பார்வை திரும்பவே இல்லையென்றால் இன்னும் மோசம், ரத்தமில்லாத விழித்திரை சில மணி நேரத்தில் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்காதீர்கள். இரவானாலும் 108ஐ அழையுங்கள். தலை ஸ்கேனும் பக்கவாதச் சிகிச்சையும் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், "ஒரு கண் இருட்டிருச்சு" என்று முதலில் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு இருட்டியது, எவ்வளவு நேரம் இருந்தது, பிரஷர், சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்பதையும் கேட்பார்கள். கூடப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.