‘அந்த வீகன் கிளப்பா?’ என்று கேட்பவர்களுக்கு: ஃபாரஸ்ட் கிரீன் போய் வந்த கதை

வணக்கம் மக்களே! இன்று கொஞ்சம் கோபமாக இருக்கிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போன வீடியோவின் கடைசியில், அடுத்து இங்கிலாந்தின் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ் என்ற ஃபுட்பால் கிளப்பின் மைதானத்துக்குப் போகிறேன் என்று ஒரு வரிதான் சொன்னேன். இறைச்சி, முட்டை, பால் எதுவுமே இல்லாத வீகன் சாப்பாடு மட்டுமே கிடைக்கும் கிளப் அது. கீழே வந்து குவிந்ததெல்லாம் ஒரே பாட்டு. “அந்த வீகன் கிளப்பா?”, “ஒரு பணக்காரர் காசைக் கொட்டி உருவாக்கியது, அதற்கெல்லாம் என்ன வரலாறு?” ஐயா, அது 1889-ல் தொடங்கிய கிளப்! நீங்கள் சொல்லும் பணக்காரர் வந்தது 2010-ல். நடுவில் இருக்கிற 121 வருடத்தை யார் விளையாடினார்கள்?

சரி, முதலில் இடம். இங்கிலாந்தின் மேற்கே க்ளாஸ்டர்ஷைர். அங்கே ஸ்ட்ரவுட் என்று ஒரு ஊர், அதற்குத் தெற்கே நெய்ல்ஸ்வொர்த். ஒரு காலத்தில் கம்பளித் துணி ஆலைகள் ஓடிய பள்ளத்தாக்கு. அந்த நெய்ல்ஸ்வொர்த்துக்கு மேலே, மேட்டில் இருக்கிற பகுதிதான் ஃபாரஸ்ட் கிரீன். மொத்த ஊரையும் சேர்த்தாலே ஆறாயிரம் பேருக்குள்தான். 2017-ல் இவர்கள் தொழில்முறை கிளப்புகள் ஆடும் இங்கிலீஷ் ஃபுட்பால் லீகுக்குள் நுழைந்தபோது, லீகில் ஆடும் கிளப் உள்ள ஊர்களிலேயே மிகச் சிறியது இதுதான் என்ற பெயர் வந்தது.

ஊருக்கு ரயில் கிடையாது. ஸ்ட்ரவுட் வரை ரயில், அப்புறம் பஸ். பஸ் கட்டணம் பற்றி நான் பேசாமல் விடமாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கே போனாலும் இரண்டு பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருந்தது அல்லவா, அதை 2025 ஜனவரியில் மூன்று பவுண்டு ஆக்கிவிட்டார்கள். ஒரே அடியில் பாதி மடங்கு கூடுதல்! சரி, அதையாவது கொடுத்துவிடலாம். பஸ் நேரத்துக்கு வர வேண்டுமே? நிறுத்தத்தில் நின்று நின்று கால் கடுத்துவிட்டது. இறங்கிய பிறகு மலை ஏற்றம் வேறு. ‘மலை மேல் இருக்கிற குட்டி கிளப்’ என்று இவர்களுக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. விளம்பரத்துக்காக வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். ஸ்பிரிங் ஹில் ரோட்டில் நான் மூச்சு வாங்குகிற சத்தம் மைக்கில் பதிவாகியிருக்கிறது, வெட்டவில்லை, அப்படியே கேளுங்கள்.

இப்போது வரலாறு. தொடங்கி வைத்தவர் ஊர்த் தேவாலயத்தின் போதகர், பீச் என்பது அவருடைய குடும்பப் பெயர். எனக்கு இது உடனே பிடித்துவிட்டது. நான் வளர்ந்த குமரிக் கடற்கரையிலும் கோயில் திருவிழா வந்தால் ஃபுட்பால் டோர்னமெண்ட் இருக்கும், பங்குத்தந்தைதான் கோப்பை கொடுப்பார். அங்கிருந்து பல பத்தாண்டுகள் உள்ளூர் லீக், மாவட்ட லீக் என்றே ஓடின. 1975-ல்தான் ஹெலெனிக் லீக். கிரேக்க நாட்டுப் பெயராக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், ஆக்ஸ்ஃபோர்ட் சுற்றுவட்டாரக் கிளப்புகள் ஆடும் லீக்தான் அது.

1982-க்கு வருகிறேன், இதற்காகத்தான் இந்த வீடியோவே. அந்த வருடம் ஹெலெனிக் லீக் பட்டம். அதே வருடம் எஃப்.ஏ. வாஸ் இறுதிப்போட்டி, வெம்பிளியில்! எஃப்.ஏ. வாஸ் என்பது சின்னக் கிளப்புகளுக்கென்றே நடக்கும் நாக் அவுட் போட்டி. எதிரே யார்? ரெயின்வொர்த் மைனர்ஸ் வெல்ஃபேர். நாட்டிங்ஹாம்ஷைரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் கிளப், அவர்களும் ஒரு கிராமம்தான். இரண்டு கிராமங்கள் வெம்பிளிப் புல்லில் நின்று ஆடுகின்றன, யோசித்துப் பாருங்கள். 3-0 என்று ஃபாரஸ்ட் கிரீன் ஜெயித்தது. அப்போது காசு கொட்ட எந்தப் பணக்காரர் இருந்தார், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரு காரியம் செய்தார்கள். 1989-ல், சரியாக நூறாவது வருடத்தில், பெயரை ‘ஸ்ட்ரவுட்’ என்று மாற்றினார்கள். பக்கத்து ஊர் பெரியது, கூட்டம் வரும் என்று கணக்கு. சொந்த ஊர்ப் பெயரை விட்டுக்கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதா? 1992-ல் பழைய பெயருக்கே திரும்பிவிட்டார்கள், நல்லவேளை.

1997, 1998 இரண்டு வருடமும் அடுத்தடுத்து பட்டம் வாங்கி மேலே ஏறி, மேலிருந்து எண்ணினால் இங்கிலாந்து ஃபுட்பாலின் ஐந்தாம் படிக்கு வந்தார்கள், அப்போது அதன் பெயர் கான்ஃபரன்ஸ். அதற்கு மேல் நான்காம் படி, லீக் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாஸைவிட ஒரு படி மேலே உள்ள கிளப்புகளுக்கான நாக் அவுட் போட்டி எஃப்.ஏ. டிராஃபி. 1999-லும் 2001-லும் அதன் இறுதிப்போட்டி வரை போனார்கள், இரண்டிலும் 1-0 என்று தோல்வி. முதலில் கிங்ஸ்டோனியன், அடுத்து கான்வி ஐலண்ட். ஆனாலும் வாஸ், டிராஃபி இரண்டிலும் இறுதிக்கு வந்த முதல் கிளப் இவர்கள்தான்.

ஐந்தாம் படியிலேயே 19 சீசன். நடுவில் 2010-ல் இறங்கியே இருக்க வேண்டும். சாலிஸ்பரி கிளப்பைப் பணப் பிரச்சினையில் கீழே தள்ளியதால் அந்த இடத்தில் இவர்கள் தப்பித்தார்கள். அந்த வருடம்தான் டேல் வின்ஸ் வருகிறார், ஸ்ட்ரவுட்டில் இருக்கும் இகோட்ரிசிட்டி என்ற பசுமை மின்சார நிறுவனத்தின் முதலாளி.

இதோ, டீக்கு வந்துவிட்டேன். எந்த மைதானத்துக்குப் போனாலும் டீக்கு மார்க் போடாமல் நான் விட்டதில்லை. வின்ஸ் வந்ததும் முதலில் சிவப்பிறைச்சி போனது, 2015-ல் கிளப் முழுக்க வீகன் ஆனது. உலகத்தில் முதல் வீகன் ஃபுட்பால் கிளப். எனக்கும் தெரியும், படித்துவிட்டுத்தான் போனேன். பர்கர் இருக்காது என்று தயாராக இருந்தேன். ஆனால் டீயில் பால் இருக்காது என்பது மண்டையில் ஏறவே இல்லை! கவுண்டரில் இருந்த அம்மா சிரித்துக்கொண்டே ஓட்ஸ் பாலை நீட்டினார். குடித்தேன். காய்ச்சல் வந்தால் வீட்டில் கொடுக்கும் கஞ்சித் தண்ணீரில் டீத்தூள் போட்டது மாதிரி இருந்தது. பத்துக்கு மூன்று. சாப்பிட வாங்கிய ‘பை’, அதாவது உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட பலகாரம், நன்றாகவே இருந்தது, அதற்கு எட்டு தருகிறேன். இடைவேளையில் ஒரு யோசனை வந்தது. பாலே வேண்டாம், கட்டன் சாயா கொடுங்கள், சர்க்கரை மட்டும் இரண்டு என்றேன். அடடா! மலைக்காற்றில் அது இறங்கியது பாருங்கள். பத்துக்கு எட்டரை. இந்த சீசனில் எந்த மைதானத்துக்கும் நான் இவ்வளவு கொடுத்ததில்லை.

ஒன்று விட்டுவிட்டேன். இப்போதைய மைதானம் நியூ லான், 2006-ல் வந்தது. வின்ஸ் வருவதற்கு முன்பே கட்டியது, இதையும் அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அவர் செய்தது என்ன என்றால், கூரையில் சூரியத் தகடுகள், பூச்சிமருந்தே அடிக்காத புல், தானாக ஓடிப் புல் வெட்டும் ரோபோ. மைதானத்துக்கு அடியில் வடியும் தண்ணீரைப் பிடித்து மறுபடி புல்லுக்கே விடுகிறார்கள். மூங்கில் நார் கலந்த ஜெர்சி, 2021-ல் காப்பிச் சக்கையில் செய்த ஜெர்சி. பழைய கறுப்பு வெள்ளைக் கோடு போய்ப் பளீர்ப் பச்சை வந்தது. எனக்கு அந்தக் கறுப்பு வெள்ளைதான் பிடிக்கும், நீங்கள் எவ்வளவு திட்டினாலும் சரி. பழைய சின்னமும் பார்சிலோனாவுடையதைப் பார்த்து வரைந்த மாதிரியே இருக்கும். 2020-ல் பார்சிலோனா கிளப்பில் வளர்ந்த ஸ்பெயின் ஃபுட்பால் வீரர் ஹெக்டர் பெல்லெரினே வந்து பங்கு வாங்கிவிட்டார்!

பணத்தால் உயர்ந்தார்களா? ஆமாம், அதை மறுக்கவில்லை. மேலே ஏறப்போவது யார் என்று முடிவு செய்யும் பிளே-ஆஃப் இறுதியில் 2016-ல் கிரிம்ஸ்பியிடம் தோல்வி, 2017-ல் டிரான்மியரை 3-1 என்று வென்று லீகுக்குள் போனார்கள். 2022-ல் ராப் எட்வர்ட்ஸ் பயிற்சியில் லீக் டூ என்ற அந்த நான்காம் படியில் பட்டம், எக்ஸிட்டருக்கும் இவர்களுக்கும் ஒரே புள்ளிகள், கோல் வித்தியாசத்தில் முதலிடம். கொண்டாட்டம் அடங்குவதற்குள் எட்வர்ட்ஸை வாட்ஃபர்ட் கிளப் கொண்டுபோய்விட்டது. 2023-ல் மூன்றாம் படியில் கடைசி இடம், இறங்கினார்கள். 2024-ல் மறுபடியும் கடைசி இடம், ஐந்தாம் படிக்கே திரும்பிவிட்டார்கள். பணம் இருந்தும் இப்படி. அந்த 19 சீசன் ஐந்தாம் படியிலேயே நின்றவர்களை இப்போது கொஞ்சம் மரியாதையோடு பாருங்கள்.

ஐயோ, ஹன்னா டிங்லியைச் சொல்லவே இல்லையே! 2023 ஜூலையில், இளம் வீரர்களைப் பயிற்றுவிக்கும் அகாடமியைக் கவனித்துக்கொண்டிருந்த அவரைத் தற்காலிகப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். இங்கிலாந்தில் ஆண்கள் தொழில்முறை அணி ஒன்றைப் பொறுப்பேற்ற முதல் பெண். சில வாரம்கூட முழுதாக விடவில்லை, வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஒரு சீசன் கொடுத்துப் பார்த்திருக்கலாம். எப்படியும் கடைசி இடம்தானே வந்தது?

ஸஹா ஹடிட் என்ற கட்டிடக்கலை நிறுவனம் வரைந்த மர ஸ்டேடியம் திட்டம் ஒன்றும் உண்டு, மோட்டார்வேக்குப் பக்கத்தில். 2019-ல் முதலில் மறுத்து, அந்த வருடக் கடைசியிலேயே அனுமதியும் கிடைத்தது. படம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு இவர்கள் மலையை விட்டு இறங்குவதில் விருப்பம் இல்லை. அடுத்து கான்வி ஐலண்ட் போகலாமா, ரெயின்வொர்த் போகலாமா? கீழே எழுதுங்கள், ரெயின்வொர்த் என்றால் எந்த பஸ் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.