சின்ன எலும்பு என்றால் வளர்ப்பு ஆடா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, பழைய குடியிருப்புகளில் கிடைக்கிற ஆட்டெலும்பு, மாட்டெலும்பை அளந்து பார்த்தே அது காட்டில் வேட்டையாடியதா, வீட்டில் வளர்த்ததா என்று சொல்லிவிடுகிறார்கள் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். எலும்பை அளந்தால் ஆட்டின் உயரம் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். வளர்த்தார்களா இல்லையா என்பது எப்படித் தெரியும்? எலும்பு சின்னதாக இருந்தால் வளர்ப்பு ஆடு, அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றுதான் தம்பி, ஆய்வாளர்களே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டு ஆடு பெரிது, பட்டியில் அடைத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் உடம்பு சிறுத்துவிடும், அதனால் பழைய ஊர் புதைந்து கிடக்கிற ஒரு மேட்டைத் தோண்டும்போது எந்த அடுக்கில் எலும்பின் அளவு குறைய ஆரம்பிக்கிறதோ அந்த அடுக்கில்தான் வளர்ப்பு ஆரம்பம், இப்படி ஒரு கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடுகிறேன்.

இதோ பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஆட்டுக்கால் சூப். கடையில் கேட்டபோது "எல்லாம் இளங்கிடாய்க் கால் சார், நம்பி வாங்கிட்டுப் போங்க" என்றார். குடித்து முடித்த பிறகு எலும்புகளைத் தூக்கிப் போடாமல் கழுவிக் காயவைத்தேன், வீட்டில் திட்டு விழுந்தது, அது வேறு கதை. இந்த இரண்டும் முன்னங்கால் எலும்புகள். முழங்காலுக்குக் கீழே, குளம்பு விரல்களுக்கு மேலே இருக்கிற அந்த நீள எலும்பு. கீழ் முனையில் இரட்டைக் குமிழ் இருக்கிறது பாருங்கள், ஒவ்வொரு குமிழிலும் ஒரு விரல் வந்து பொருந்தும்.

இந்த முதல் எலும்பில் அந்தக் குமிழ்கள் இல்லை. உடைந்து போகவில்லை, குக்கரில் தானாகவே கழன்று வந்துவிட்டன, இதோ இரண்டும் தனியாக இருக்கின்றன, தொப்பி மாதிரி. கழன்ற இடத்தைத் தடவினால் சொரசொரவென்று சின்னச் சின்ன மேடு பள்ளமாக இருக்கும். காரணம், குட்டி வளர்கிற வரைக்கும் எலும்புத் தண்டுக்கும் முனைக்கும் நடுவில் ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. நீளம் வளர்வதெல்லாம் அங்கேதான். வளர்ச்சி முடிந்ததும் அந்த இடம் எலும்பாகவே மாறி ஒட்டிக்கொள்கிறது. வேகவைத்தாலோ, மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான வருஷம் கிடந்தாலோ முதலில் போவது அந்தக் குருத்துதான். ஆக இது வளர்ந்து முடிக்காத குட்டியின் கால். இன்னொரு எலும்பில் தொப்பி கழலவே இல்லை, ஒட்டின கோடுகூடத் தெரியவில்லை. வெள்ளாட்டில் இந்த முனை ஒட்டுவதற்குச் சுமார் இரண்டு வயது ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும்.

சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் வாயைத் திறந்து பார்த்து "ரெண்டு பல்", "நாலு பல்", "கடை சேர்ந்தது" என்று வயசு சொல்வார்கள் இல்லையா, எலும்பு முனைகளும் அதே மாதிரிதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. தோளிலிருந்து இறங்குகிற எலும்பின் கீழ் முனை ஒரு வயது வாக்கில் ஒட்டிவிடும், முழங்காலுக்கு மேலே இருக்கிற எலும்பின் கீழ் முனை மூன்று வயதைத் தாண்டித்தான் ஒட்டும்.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன். எலும்பு அளப்பதற்கென்று உலகம் முழுக்கப் பின்பற்றுகிற ஒரு கையேடு இருக்கிறது, ஜெர்மனியைச் சேர்ந்த ஆங்கெலா ஃபான் டென் டிரீஷ் எழுதி 1976-இல் வந்தது. எந்த எலும்பில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரைக்கும் என்று படம் போட்டு, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சுருக்கெழுத்து. முழு நீளம் என்றால் ஜி.எல்., கீழ் முனை அகலம் என்றால் பி.டி. என்று இப்படி. ஈரானில் அளந்ததையும் இங்கிலாந்தில் அளந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது என்றால் அதற்கு இந்த ஒழுங்குதான் காரணம். சாதாரணமாகத் தோன்றும், ஆனால் நான் முதன்முதலில் வெர்னியரை, அதாவது எலும்பைக் கவ்விப் பிடித்து அளக்கிற அளவுகோலைக் கையில் பிடித்தபோது ஒரே எலும்பை மூன்று தடவை அளந்து மூன்று அளவு எழுதினேன், எலும்பைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலே ஒரு மில்லிமீட்டர் ஓடிவிடும். அந்த ஒழுங்கில் ஒரு முக்கியமான பழக்கம் என்னவென்றால், பொதுவாக முனை ஒட்டின எலும்பை மட்டும்தான் அளப்பார்கள். வளர்கிற குட்டியை அளந்து "ஆடு குட்டை" என்று எழுதிவிடக் கூடாது இல்லையா, அதனால். தீயில் சுட்ட எலும்பையும் ஒதுக்கிவிடுவார்கள், அது சுருங்கிப் போயிருக்கும்.

நியாயமான பழக்கம்தான். ஆனால் இதனால் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆடு வளர்க்கிற யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் கேளுங்கள், கிடாய்க்குட்டி எல்லாவற்றையும் வைத்திருப்பீர்களா என்று. சிரிப்பார்கள். பெட்டையை வைத்துக்கொள்வார்கள், குட்டி போடும், பால் கொடுக்கும். கிடாய் ஒன்றிரண்டு போதும், மீதியை வளர்ந்து கறி பிடித்ததும் விற்றுவிடுவார்கள், அல்லது அறுத்துவிடுவார்கள். அப்படியானால் ஆடு வளர்க்கிற ஊரின் குப்பைமேட்டில் கிடாய் எலும்பெல்லாம் தொப்பி கழன்ற எலும்பாக இருக்கும், அளக்க மாட்டார்கள். முனை ஒட்டின எலும்பெல்லாம் பெரும்பாலும் வயசான பெட்டைகளுடையது. பெட்டை கிடாயைவிடச் சிறியது, காட்டு வெள்ளாட்டில் அந்த வித்தியாசம் இன்னும் அதிகம்.

கணக்குக்காக மட்டும் ஒரு எண் சொல்கிறேன், உண்மையான அளவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிடாயின் எலும்பு அகலம் 30 மில்லிமீட்டர், பெட்டைக்கு 26 என்று வையுங்கள். வேட்டைக்காரன் குப்பையில் பத்துக் கிடாய், பத்துப் பெட்டை, சராசரி 28. வளர்க்கிறவன் குப்பையில் அளக்கக் கிடைப்பது இரண்டு கிடாய், பதினெட்டுப் பெட்டை, சராசரி 26.4. பார்க்கிறவர் "ஆடு சிறுத்துவிட்டது" என்பார். எந்த ஆடும் சிறுக்கவில்லை. அறுக்கிற முறைதான் மாறியிருக்கிறது.

இது நானாகச் சொல்கிற கதை இல்லை. மேற்கு ஈரானில், ஸாக்ரோஸ் மலைப் பகுதியில் கஞ்ச் தரே என்று ஒரு சின்ன மேடு, அந்தப் பெயருக்குப் 'புதையல் பள்ளத்தாக்கு' என்று அர்த்தம். பிலிப் ஸ்மித் என்பவர் 1965-லிருந்து 1974 வரைக்கும் சில தவணைகளில் அங்கே தோண்டினார். ஏராளமான வெள்ளாட்டு எலும்பு. அதை மெலிண்டா ஸீடர், பிரையன் ஹெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மறுபடி எடுத்து அளந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த காரியத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது, முதலில் பழைய எலும்பைத் தொடாமல் இன்றைய எலும்பைத் தொட்டதுதான். சிகாகோவில் ஃபீல்ட் அருங்காட்சியகத்தில் ஈரான், ஈராக் பகுதி ஆடுகளின் எலும்புக்கூடுகள் இருக்கின்றன, எது கிடாய், எது பெட்டை, எது காட்டு ஆடு என்பது தெரிந்த எலும்புக்கூடுகள். அதை அளந்து பார்த்தால், அளவை நிர்ணயிப்பதில் முதல் இடம் கிடாயா பெட்டையா என்பதற்குத்தான், அடுத்து அது வாழ்ந்த இடத்தின் தட்பவெப்பம். வளர்ப்பா காட்டா என்பதன் பங்கு ரொம்பக் குறைவு. முனை ஒட்டாத இளங்கிடாயின் எலும்புகூட ஒட்டி முடிந்த பெட்டையின் எலும்பைவிட அகலமாக இருந்தது.

அதனால் கஞ்ச் தரேவில் அவர்கள் ஒட்டாத எலும்புகளையும் தள்ளிவிடாமல் அகலத்தை அளந்தார்கள். படம் தெளிவாக வந்துவிட்டது. பெரிய எலும்புகளில் பெரும்பாலானவை ஒட்டாதவை, சின்ன எலும்புகளில் பெரும்பாலானவை ஒட்டினவை. கிடாயை இளசிலேயே அறுத்து, பெட்டையை வயசாகும் வரை வைத்திருந்த மந்தை. வேட்டைக்காரன் இப்படிப் பொறுக்க மாட்டான், அவனுக்குப் பெரிய கிடாய் கிடைத்தால்தான் லாபம். அதே நேரம் அந்தப் பெட்டைகள் அந்த வட்டாரக் காட்டுப் பெட்டைகளைவிடச் சிறியவை இல்லை, கிடாய்களும் அப்படியே. உடம்பு காட்டு ஆடுதான், வாழ்க்கை வீட்டு ஆட்டுடையது. காலம் இன்றைக்குச் சுமார் 10,000 ஆண்டுக்கு முன்பு. அந்த ஊர் மண் செங்கற்களில் ஆட்டுக் குளம்பின் தடமும் பதிந்திருக்கிறது, கல் அறுத்து வெயிலில் காயப் போட்ட இடத்தில் ஆடு மிதித்துவிட்டுப் போயிருக்கிறது! நம்மூர்ச் செங்கல் சூளைப் பக்கம் நாய் மிதித்த தடத்தோடு வருகிற கல்லைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் 2021-இல் அதே கஞ்ச் தரே எலும்பிலிருந்தும் பக்கத்திலுள்ள இன்னொரு மேட்டின் எலும்பிலிருந்தும் மரபணு எடுத்துப் பார்த்தார்கள். தாய் வழியில் நிறைய வகை, தந்தை வழியில் ரொம்பக் குறைவான வகை. ஒன்றிரண்டு கிடாயை மட்டும் பொலிக்கு விட்டு மந்தை பெருக்கினால் இப்படித்தான் வரும். அளவுகோல் சொன்னதை மரபணு இருபது வருஷம் கழித்து வந்து ஆமோதித்தது. உருவத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வந்தது சுமார் ஆயிரம் ஆண்டு கழித்துத்தான்.

அதற்காக 'சிறுத்தல்' என்பதே பொய் என்று நினைத்துவிடாதீர்கள். பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற பழைய குடியிருப்பின் எலும்புகளை ரிச்சர்ட் மெடோ என்ற ஆய்வாளர் அளந்தபோது திமில் மாடும் ஆடும் காலப்போக்கில் சிறுத்துக்கொண்டே வந்தது தெரிந்தது. சிறுத்தல் உண்டு, ஆனால் அதை வளர்ப்பின் முதல் நாளாக எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வியின் முதல் பாதி, உயரம். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. முனை ஒட்டின இந்த எலும்பு 11.4 சென்டிமீட்டர். வெள்ளாட்டுக்கு ஷ்ராம் என்பவர் 1967-இல் கொடுத்த பெருக்கு எண் 5.75, பெருக்கினால் தோள் உயரம் 65 சென்டிமீட்டர் சொச்சம். இதையே செம்மறி என்று நினைத்துவிட்டால் டைக்கெர்ட் 1975-இல் கொடுத்த எண் 4.89, பெருக்கினால் 56-க்குக் கொஞ்சம் கீழே. ஒரே எலும்பு, எந்த ஆடு என்பது மாறினால் பத்து சென்டிமீட்டர் போய்விடுகிறது. வெள்ளாடு, செம்மறி எலும்பைப் பிரிப்பது லேசும் இல்லை. இந்த எலும்பில் கொஞ்சம் வசதி உண்டு, வெள்ளாட்டுக்குக் கட்டையாக இருக்கும், செம்மறிக்கு ஒல்லியாக நீண்டிருக்கும், குமிழின் நடு முகட்டோடு ஒப்பிட்டால் அதன் வெளிப்பக்கம் வெள்ளாட்டில் குறுகியிருக்கும். இன்னொன்று, இந்தப் பெருக்கு எண்களெல்லாம் ஐரோப்பாவில் போட்ட கணக்கு. நெடுங்காலோடு நிற்கிற நம்மூர்க் கொடியாட்டுக்கு அதை அப்படியே போட்டால் நான் நம்ப மாட்டேன்.

மாட்டுக்கு இன்னொரு சுவாரசியம் இருக்கிறது. காயடித்த மாட்டில் அந்த முனைகள் ஒட்டுவது தாமதமாகும், அதனால் கால் எலும்பு கூடுதலாக நீண்டுவிடும். பொலிகாளையின் எலும்பு கட்டையாகத் தடிமனாக இருக்கும், பசுவுடையது மெல்லிசு, எருதுடையது நெடுநெடுவென்று இருக்கும். நீளத்தையும் நடுத்தண்டின் அகலத்தையும் வைத்துப் புள்ளி போட்டால் பல சமயம் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கும். வயசான எருது நிறைய இருந்தால், அந்த ஊரில் மாட்டைக் கறிக்காக வைத்திருக்கவில்லை, உழவுக்கோ வண்டிக்கோ வைத்திருந்தார்கள் என்று யோசிக்க இடம் இருக்கிறது.

தம்பி மதுரைப் பக்கம் என்பதால் கீழடியைப் பற்றி மனசுக்குள் கேட்டிருப்பார், அதையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் 70 எலும்புத் துண்டுகளைப் புனே டெக்கான் கல்லூரிக்கு அனுப்பியது பற்றி இருக்கிறது. மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, நீலான் என்கிற நீல்காய், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் என்று அடையாளம் கண்டார்கள். என்னென்ன விலங்கு இருந்தது என்று சொல்ல அது போதும். கிடாயை எந்த வயசில் அறுத்தார்கள், மாட்டைக் காயடித்தார்களா என்று கேட்க 70 துண்டு போதாது, ஒரே விலங்கின் ஒரே எலும்பு டஜன் கணக்கில் வேண்டும். அதனால் யாராவது அந்த 70-ஐ வைத்துப் பெரிய கதை சொன்னால், எத்தனை முன்னங்கால் எலும்பை அளந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக நம்ம சூப் எலும்புக்கு வருகிறேன். முதல் எலும்பு இளங்குட்டி, அகலமும் நன்றாக இருக்கிறது, கிடாயாக இருக்கலாம், கடைக்காரர் சொன்னது சரிதான். இரண்டாவதில் முனை முழுசாக ஒட்டியிருக்கிறது, முதல் எலும்பைவிட ஒல்லி, போதாக்குறைக்கு எட்டு விசில் வைத்தும் சவ்வு வேகவில்லை. அது நாலைந்து ஈத்து போட்ட கிழப் பெட்டை என்பது என் சந்தேகம். அடுத்த ஞாயிறு வெர்னியரோடு கடைக்குப் போகலாம் என்று இருக்கிறேன், கால் கொடுப்பாரா என்று தெரியவில்லை. சரி, அடுத்த கேள்வி.