வீட்டுப்பாடமா, வீட்டுவேலையா?

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஹோம்வொர்க் என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் வீட்டுவேலை என்று வரும். ஆனால் வீட்டுவேலை என்றால் நமக்குப் பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும்தான். அதனால் பள்ளிக்கூடத்துக்கு வீட்டுப்பாடம் என்று சொல்கிறோம். 'வக்கீல் நல்லா ஹோம்வொர்க் பண்ணிட்டு வந்திருக்கார்' என்னும்போது அதே சொல்லுக்கு முன்தயாரிப்பு என்று பொருள்.

ஆங்கிலத்தில் இன்னொரு பொருளும் உண்டு: வீட்டிலிருந்தபடி கூலிக்குச் செய்யும் வேலை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் நிறைவேற்றிய 177ஆம் உடன்படிக்கை அத்தகைய தொழிலாளருக்கானது. தென்காசிப் பக்கம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் செய்வதும் அந்த வகை வேலைதான். அங்கே ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று எண்ணிக்கைதான் பேசும்.

பாடத்துக்கும் நாம் அதே எண்ணிக்கையை வைத்துவிட்டோம். '20 கணக்கு போடு, ஐந்து தடவை எழுது' என்கிறோம். மணி அடிக்கும் நேரத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டால், பிள்ளைக்குச் சந்தேகம் கேட்கவும் நேரமில்லை.

342இலிருந்து 178ஐக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். கடன் வாங்கிக் கழித்தல் பிடிபடாத பிள்ளை, எந்த இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடும். 8இல் 2 போனால் 6, 7இல் 4 போனால் 3, 3இல் 1 போனால் 2; விடை 236 என்று எழுதும். சரியான விடை 164. இப்படியே 20 கணக்கு போட்டால் தப்பு 20 தடவை கையில் படிந்துவிடும். பிறகு அதை அழிப்பது பெரும்பாடு. நான்கு கணக்கு போதும். அவற்றில் ஒன்றை வகுப்பிலேயே போடவைத்து, மறுநாள் முதல் ஐந்து நிமிடத்தில் நோட்டைப் பாருங்கள். விடைக்கு டிக் அடிப்பதோடு நிற்காமல், கடன் வாங்கிய இடத்தையும் பாருங்கள்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில், மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பூ, ஒரு பறவை, ஓர் ஊர் என்று பெயர் சொல்லி அனுப்புவார்கள். மறுநாள் மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். எவ்வளவு அழகான வீட்டுப்பாடம்!

மத்திய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பைக் கொள்கை, 2ஆம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே வேண்டாம் என்கிறது. 3 முதல் 5 வரை வாரத்துக்கு அதிகபட்சம் 2 மணி நேரம். நாளுக்கு அல்ல, வாரத்துக்கு.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை திணறினால் நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள். அந்த வரியில் பென்சிலால் ஒரு சுழி போட்டு, 'இங்கே நின்றுவிட்டான்' என்று எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் அங்கிருந்து தொடங்குவார்.