படகேறி வந்த ஆசை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். திரைப்படம் காட்டும் பௌத்த வழி ஆசையை விட்டு விலகுவதா, அதை ஏற்றுக் கடப்பதா என்பது கேள்வி. ஏற்றுக் கடப்பதே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், கிம் கி-டுக் இயக்கி 2003இல் வெளிவந்த 'வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம்... மீண்டும் வசந்தம்' என்ற தென்கொரியப் படத்தைச் சாட்சிக்கு அழைத்தார். இச்சை உடைமை வெறியாகும், அது கொலையில் முடியும் என்று குரு எச்சரித்தார். சீடன் கேட்கவில்லை, மனைவியைக் கொன்றான். விலகி இருந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று எதிரணித் தலைவர் வாதாடினார். அதே சாட்சியை நானும் விசாரிக்கிறேன்.

ஏரி நடுவே மிதக்கும் மடம். உள்ளே ஒரு கதவு நிற்கிறது. அதை ஒட்டிச் சுவர் கிடையாது. ஆனாலும் குருவும் சீடனும் கதவைத் திறந்தே போய் வருகிறார்கள். நோய் தீர வந்து தங்கிய பெண்ணிடம் மனம் போன இரவில், இளந்துறவி அந்தக் கதவைத் தொடாமல் பக்கத்து வெற்றிடம் வழியே ஊர்ந்து போகிறான். சிறுவயதிலிருந்தே ஊரும் உறவும் இல்லாமல், சுற்றிலும் தண்ணீரோடு வளர்ந்தவன் அவன். இதைவிட விலகிய இடம் ஒன்றை எதிரணியினர் காட்டட்டும்! அங்கேயும் படகேறி வந்தது ஆசை.

கொலை செய்துவிட்டுத் திரும்பியவன் என்ன செய்கிறான்? 'மூடு' என்று எழுதிய தாள்களைக் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டு புத்தர் முன் சாகப் பார்க்கிறான். புலன்களை அடைப்பதில் இதற்கு மேல் என்ன இருக்கிறது? குரு அவனைக் கழியால் விளாசுகிறார். பிறகு பூனையின் வாலை மையில் தோய்த்து, மடத்தின் மரத்தளத்தில் இருதய சூத்திரம் என்ற பௌத்த நூலை எழுதுகிறார். உருவமே வெறுமை, வெறுமையே உருவம் என்னும் அந்தச் சூத்திரம் சீன வடிவில் 260 எழுத்துகள். அத்தனையையும் கொலை செய்த அதே கத்தியால் அவன் செதுக்கவேண்டும். கத்தியை ஏரியில் வீசி எறிந்துவிடு என்று குரு சொல்லவில்லையே! செய்ததைக் கையில் பிடித்துக்கொண்டே விடியும்வரை உட்காரச் செய்கிறார். செதுக்கி முடித்தவன் காவலர்களோடு சிறைக்குப் போகிறான். ஏற்பது என்றால் குற்றத்தை மன்னித்துவிடுவது என்று யாரும் திரிக்கவேண்டாம்.

குருவும் பின்னால் அதே தாள்களை ஒட்டிக்கொண்டு தீயில் மறைகிறாரே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சீடன் தன் செயலிடமிருந்து ஓடினான். குரு தம் கடமை தீர்ந்த பிறகு முடிவை எதிர்கொண்டார். தாள் ஒன்றுதான், மனம் வேறு.

நம் பௌத்தக் காப்பியம் இதை முன்பே சொல்லியிருக்கிறது. தன்னை இழிவாகப் பேசிய இளவரசன் உதயகுமரன் பின்னால் தன் மனம் போவதைத் தோழி சுதமதியிடம் மணிமேகலை மறைக்கவில்லை: "புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம், இதுவோ அன்னாய் காமத்து இயற்கை?" அது கெடட்டும் என்று அடுத்த அடியிலேயே சொல்கிறாள், உண்மை. ஆனால் முதலில் ஒப்புக்கொண்டாள், பிறகே மறுத்தாள். அந்த ஒப்புதலை நீக்கிவிட்டால் அவள் துறவில் எஞ்சுவது என்ன? எதிரணியின் அடுத்த பேச்சாளர் இதற்கு விடை சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும்.