அயல்நாட்டுச் சந்தையில் ஆழ உழுதல்

அவைத் தலைவர் அவர்களே, நான் சொல்ல எண்ணியவற்றுள் பாதியைத் தம் தொடக்கவுரையிலேயே அழகுறச் சொல்லிவிட்ட வணிகர் கழகத் தலைவர் அவர்களே, வங்கித் துறைப் பெரியோர்களே, மாணவர்களையும் உடன் அழைத்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, புதிதாகத் தொழில் தொடங்கியிருக்கும் இளைய நண்பர்களே! உங்கள் அனைவருக்கும், இந்த மேடையில் இரண்டாம் முறையாகப் பேச வாய்ப்பளித்த விழாக் குழுவினருக்கும் என் வணக்கமும் நன்றியும்.

சிறிய நிறுவனங்கள் பன்னாட்டுச் சந்தையில் போட்டியிடத் தம்மை எவ்வாறு தகவமைத்துக்கொள்கின்றன என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. சந்தையைத் தேர்வது, பொருளை மாற்றியமைப்பது, பணத்தைக் காப்பது என மூன்றையும் பேச விரும்புகிறேன். மூன்றுக்கும் அடியில் இருப்பது நான் செல்லுமிடமெல்லாம் சொல்லிவரும் பழமொழிதான்: அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல்.

முதலில் சந்தையைத் தேர்வது பற்றி. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யோஹான்சனும் வால்னேயும் 1977இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நிறுவனங்கள் தமக்குப் பழக்கமான தன்மையுள்ள நாடுகளிலிருந்து தொடங்கி, முதலில் முகவர், பிறகு சொந்த விற்பனை அலுவலகம், அதன் பின்னரே தொழிற்சாலை என்று, அறிவு சேரச்சேரப் படிப்படியாக முன்னேறுகின்றன என்பது அது. பிறந்த உடனேயே பல நாடுகளுக்கு விற்கும் நிறுவனங்கள் இன்று உண்டு. ஆனால் அவற்றுட் பலவும் ஒரு குறுகிய தேவையையே பிடித்துக்கொண்டு அதில் ஆழ உழுதவை.

பொருளை மாற்றியமைப்பதற்கு, மோட்டார் சைக்கிள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஹோண்டாவின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல அனுமதியுங்கள். 1959இல் கவாஷிமா என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று இறங்கியது. அந்நாளில் ஜப்பான் அரசு வெளிநாட்டுப் பணத்தை எண்ணி எண்ணித்தான் கொடுத்தது. ஆகவே அவர்கள் எளிய குடியிருப்பொன்றைப் பகிர்ந்துகொண்டு, சிலர் தரையில் படுத்துறங்கிக் காலம் தள்ளினார்கள். அமெரிக்கர்கள் பெரிய வண்டியைத்தான் விரும்புவார்கள் என்று நம்பி அவற்றையே முன்னிறுத்தினார்கள். அந்த நாட்டின் நெடுஞ்சாலைகளில் வண்டிகள் அதிக வேகத்தில், அதிகத் தொலைவு ஓடியபோது எண்ணெய் கசிந்தது, கிளட்ச் பழுதானது. பழுதான வண்டிகள் ஜப்பானுக்கே திரும்பிச் சென்றன. ஆய்வுக்கூடம், கசிவைத் தடுக்கும் அடைப்பான கேஸ்கட்டையும் கிளட்ச் ஸ்பிரிங்கையும் புதிதாக வடிவமைத்தது. இதற்கிடையே அவர்கள் தம் சொந்த வேலைகளுக்கு ஓட்டித் திரிந்த 50 சி.சி. சூப்பர் கப் வண்டியைத் தெருவில் கண்டவர்கள் அது எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் அவர்கள் முன்னிறுத்தாத அந்தச் சிறு வண்டி விளையாட்டுப் பொருள் விற்கும் கடைகள் வழியாகப் புதிய வாடிக்கையாளர்களைச் சென்றடைந்தது. அந்தக் குழு அங்கேயே வாழ்ந்திராவிட்டால், தெருவில் எழுந்த அந்தக் கேள்வி யார் காதில் விழுந்திருக்கும்?

சோனி நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான அகியோ மோரிட்டா 1963இல் குடும்பத்தோடு நியூயார்க்கில் குடியேறியதும் இதே காரணத்தால்தான்; வாங்குபவரின் வாழ்க்கையை அருகிருந்து அறிய அவர் விரும்பினார்.

நான் பல ஆண்டுகளாக வற்புறுத்திவரும் கோரிக்கைக்கு இங்கே வந்துவிட்டேன். எல்லா நிறுவனமும் ஆளனுப்பி அயல்நாட்டில் குடியமர்த்த இயலாது என்பதை அறிவேன். ஆனால் வாங்குபவரின் மொழியில் எழுதவும் பேசவும் வல்ல ஒருவரைப் பணியில் அமர்த்த இயலும். அவரை மொழிபெயர்ப்பு மேசையில் உட்கார வைத்துவிடாமல், பொருளை வடிவமைப்பவருக்குப் பக்கத்திலேயே இருக்கை தர வேண்டும். முகவர் தம் அறிக்கையில் இரண்டு வரியாகச் சுருக்கிவிடும் முறையீட்டை அவர் முழுமையாகப் படிப்பார். உறை பிரிக்கக் கடினமாக இருக்கிறது, கையேட்டின் நான்காம் பக்கம் புரியவில்லை என்பனபோன்ற சிறு குறைகள் அன்றைக்கே பட்டறைக்குப் போய்ச் சேரும். விளம்பரத்துக்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியே இதற்குப் போதும். அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்று நான் சொல்வது இந்த ஓர் இருக்கையை மனத்தில் வைத்துத்தான்.

பணப் பாதுகாப்பைப் பற்றி வங்கித் துறைப் பெரியோர்கள் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். நேரம் கருதி அதை அவர்களிடமே விடுகிறேன். மாலை அமர்வில் தீர்மானங்களை எடுத்துக்கொள்ளும்போது, உறுப்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் அயல்மொழி அறிந்த ஒருவரையேனும் வடிவமைப்புப் பிரிவில் அமர்த்த வேண்டும் என்பதை முதல் தீர்மானமாக முன்மொழியுமாறு அவைத் தலைவரைப் பணிவுடன் வேண்டுகிறேன்.