பேய் யார் என்பது முக்கியமில்லை, கதையைச் சொல்வது யார்? பெரியவர்களுக்கான புதிய திகில் நாவல்கள்

[திரையில்: இரண்டு தளங்கள் கொண்ட ஒரு வீட்டின் வரைபடம்]

இந்த வீட்டின் வரைபடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். மேல்தளத்தின் நடுவே குழந்தையின் படுக்கையறை இருக்கிறது. அதற்கு ஒரு சன்னல்கூடக் கிடையாது, உள்ளே நுழைய ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகளைத் திறக்க வேண்டும். கீழ்த்தளத்தில் சமையலறையை ஒட்டி, எந்தப் பக்கத்திலிருந்தும் நுழைய முடியாத ஒரு சிறு வெற்றிடம் சுவர்களுக்கு நடுவே விடப்பட்டிருக்கிறது. இதில் பேயும் இல்லை, பிணமும் இல்லை, ஒரு துளி இரத்தமும் இல்லை. ஆனாலும், காசு கொடுத்துக் கட்டும் ஒருவர் இப்படிப்பட்ட வீட்டை ஏன் கட்டச் சொன்னார் என்று யோசிக்கத் தொடங்கியதுமே உங்களுக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றிவிடுகிறது.

உகெட்சு என்ற புனைபெயரில் எழுதும் ஜப்பானிய எழுத்தாளரின் ‘ஸ்ட்ரேஞ்ச் ஹவுசஸ்’ நாவல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. முதலில் 2020இல் யூடியூப் காணொளியாக வெளிவந்து, 2021இல் ஜப்பானிய மொழியில் நூலாகி, 2025இல் ஆங்கிலத்துக்கு வந்த கதை இது. இவர் வெள்ளை முகமூடியும் உடலோடு ஒட்டிய கறுப்பு உடையும் அணிந்து, குரலையும் மாற்றிக்கொண்டுதான் திரையில் தோன்றுவார். விளக்குகளை எங்கே வைப்பது, எந்தச் சட்டையைப் போடுவது என்று படப்பிடிப்புக்கு முன்பே களைத்துப்போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த முகமூடி ஒரு நல்ல யோசனையாகவே படுகிறது.

இந்த நாவலில் அச்சத்தை உண்டாக்குவது வீடு அன்று. அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ‘இப்படி இருக்கலாமோ’ என்று ஒவ்வோர் ஊகமாக எடுத்துவைக்கும் ஒரு நண்பரின் நிதானமான பேச்சுதான். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவருடைய தொழில். அவர் சொல்வதற்குச் சான்று எதுவும் இல்லை, ஆனால் அவர் சொன்ன பிறகு அந்தக் கோடுகளை வேறு மாதிரியாகப் பார்க்க நம்மால் முடிவதில்லை. பிற்பகுதியில் ஒரு பரம்பரையின் கதை வந்து சேர்ந்து, உறவுமுறைகளை நினைவில் வைத்துக்கொள்வதே ஒரு வேலையாகிவிடுகிறது என்பது என்னுடைய குறை. முதற்பகுதிக்காகவே நூலைப் பரிந்துரைக்கிறேன்.

ஆகவே, ‘அதிக பயமுறுத்தும் பத்து நாவல்கள்’ என்று ஒரு பட்டியலை இன்று உங்களுக்குத் தரப்போவதில்லை. பயத்தை அளக்கும் கருவி எதுவும் என்னிடம் இல்லை. ஒருவருக்குத் தூக்கத்தைக் கெடுத்த புத்தகம் இன்னொருவருக்குக் கொட்டாவியை வரவழைக்கும். மாறாக, நல்ல திகில் நாவல் ஒவ்வொன்றிலும் கதையைச் சொல்பவர் யார், அவர் எதை மறைக்கிறார், அவரை எதுவரை நம்பலாம் என்ற கேள்விகள்தாம் பேயைவிடப் பெரிய வேலையைச் செய்கின்றன என்பது என் கட்சி. அந்தக் கேள்விகளை வைத்தே நூல்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

வரலாற்றை இரண்டே வாக்கியங்களில் முடித்துவிடுகிறேன். ஐரோப்பியத் திகில் நாவல்களுக்கு முன்னோடியாகக் கருதப்படும் ‘தி காசில் ஆஃப் ஒட்ராண்டோ’ 1764இல் வெளிவந்தபோது, அதை எழுதிய ஹொரேஸ் வால்போல் தன் பெயரைப் போடாமல், ஏதோ ஒரு பழைய இத்தாலிய நூலின் மொழிபெயர்ப்பு என்று சொல்லித்தான் வெளியிட்டார். ஆக, இந்த வகை நாவல் பிறந்த அன்றே, கதையை உண்மையில் சொல்வது யார் என்பதில் வாசகரை ஏமாற்றத் தொடங்கிவிட்டது.

[திரையில்: பனி மூடிய புல்வெளி, தூரத்தில் காட்டெருமைகள்]

இனி நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகும் நூலுக்கு வருகிறேன். அமெரிக்கப் பழங்குடிகளான பிளாக்ஃபீட் இனத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸ் எழுதி, 2025இல் வெளிவந்த ‘தி பஃபலோ ஹன்டர் ஹன்டர்’ ஓர் இரத்தக்காட்டேரி நாவல். இரத்தக்காட்டேரி என்றதும் காணொளியை மூடிவிடாதீர்கள். கறுப்பு அங்கியும் காதல் ஏக்கமும் கொண்ட அந்தப் பழைய கனவான் இதில் இல்லை.

2012இல், பழைய பாதிரியார் இல்லம் ஒன்றின் சுவருக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த நாட்குறிப்பு ஒன்று கிடைக்கிறது. அதை 1912இல் எழுதியவர் மொன்டானா மாநிலத்தின் மைல்ஸ் சிட்டியில் வாழ்ந்த ஆர்தர் போகார்ன் என்ற லூத்தரன் பாதிரியார். அவருடைய தேவாலயத்துக்குக் கறுப்புக் கண்ணாடி அணிந்த பிளாக்ஃபீட் மனிதர் ஒருவர் வந்து, பிரார்த்தனை முடிந்த பிறகு, தன் வாழ்க்கையைப் பாவமன்னிப்பு கேட்பவரைப் போலப் பகுதி பகுதியாகச் சொல்கிறார். அவர் பெயர் குட் ஸ்டாப். வயதுக்கு மீறிய நினைவுகள் அவரிடம் இருக்கின்றன. ஊருக்கு வெளியே தோலுரிக்கப்பட்ட உடல்களும் கிடைக்கத் தொடங்குகின்றன. அவர் சொல்வதைப் பாதிரியார் எழுதுகிறார். பாதிரியார் எழுதியதை அவருடைய வம்சாவளியில் வந்த ஒரு பெண் நூறு ஆண்டுகள் கழித்துப் படிக்கிறாள். அவள் படிப்பதை நாம் படிக்கிறோம்.

இங்கே ஓர் ஒப்பீட்டைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897இல் வெளிவந்தது. அதுவும் நாட்குறிப்புகளாலும் கடிதங்களாலும் ஆன நாவல்தான். அதில் வழக்கறிஞர் எழுதுகிறார், மருத்துவர் எழுதுகிறார், வருங்கால மனைவி எழுதுகிறாள், கப்பல் தலைவன்கூடத் தன் பங்குக்கு எழுதிவைத்துவிட்டுச் சாகிறான். டிராகுலா மட்டும் ஒரு பக்கமும் எழுதுவதில்லை. அவரை வேட்டையாடியவர்கள் சேர்ந்து தயாரித்த வழக்குக் கோப்பு அது. ஆன் ரைஸ் 1976இல் ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ நாவலில் இரத்தக்காட்டேரியையே பேசவைத்தார். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த இளைஞனுக்கு அந்தக் கதையில் வியப்பைத் தவிர வேறு பங்கு இல்லை. ஜோன்ஸ் ஒரு படி மேலே போகிறார். கேட்பவர் ஏன் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார், எந்த இடத்தில் அவருடைய எழுத்து திடீரென்று உணவைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் பேசத் தொடங்குகிறது என்பதைக் கவனித்துக்கொண்டே படியுங்கள். இதற்கு மேல் சொன்னால் நூலைக் கெடுத்துவிடுவேன்.

என்னை முழுமையாகக் கட்டிப்போட்டது இந்த நாவலின் இரத்தக்காட்டேரி விதி. குட் ஸ்டாப் எதன் இரத்தத்தைக் குடிக்கிறாரோ, அதுவாகவே மெல்ல மெல்ல மாறத் தொடங்குவார். மானின் இரத்தத்தையே குடித்துக்கொண்டிருந்தால் தலையில் கொம்பு முளைக்கும். வெள்ளையர்களின் இரத்தத்தையே குடித்துக்கொண்டிருந்தால் முகத்தில் தாடி வளரும், நிறம் வெளுக்கும். தன் மக்களில் ஒருவராகவே இருக்க வேண்டுமானால், அவர் தன் மக்களைத்தான் கொன்று குடிக்க வேண்டும். இதைப் படித்தபோது புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பூண்டும் சிலுவையும் சூரிய ஒளியும் நாம் பழகிப்போன விதிகள். அவற்றை நாவலாசிரியர்கள் வசதிக்கேற்பச் சேர்ப்பதும் நீக்குவதும் உண்டு. இங்கே ஒரே ஒரு விதிக்குள், ஓர் இனம் தன் அடையாளத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கொடுக்க வேண்டியிருக்கும் விலை முழுவதும் அடங்கிவிடுகிறது. அதைப் பற்றி ஆசிரியர் ஒரு பிரசங்கமும் செய்ய வேண்டியிருப்பதில்லை.

இந்த நாவலின் அடியில் கிடப்பது கற்பனை அன்று. 1870 சனவரி 23 அன்று, மொன்டானாவின் மரியாஸ் ஆற்றங்கரையில், பிளாக்ஃபீட் தலைவர் ஹெவி ரன்னரின் முகாமை அமெரிக்கப் படை தாக்கியது. அம்மை நோய் பரவியிருந்த அந்த முகாமின் ஆண்களில் பெரும்பாலோர் வேட்டைக்குப் போயிருந்தார்கள். கொல்லப்பட்ட ஏறத்தாழ 200 பேரில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே அதிகம். தலைப்பில் வரும் காட்டெருமை வேட்டைக்கும் இதே கதைதான்: 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடிக்கணக்கில் திரிந்த அந்த விலங்குகள், தோலுக்காகக் கொன்று குவிக்கப்பட்டு, நூற்றாண்டு முடிவதற்குள் ஆயிரம் என்ற அளவுக்குச் சுருங்கின. அப்படிக் குவித்தவர்களை ஒருவர் பிறகு வேட்டையாடுகிறார் என்பதுதான் தலைப்பின் பொருள். நூலின் தொடக்கம் மெதுவாகத்தான் நகரும், பாதிரியாரின் நடையும் பழங்காலத்து நடை. பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த நடைக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

[திரையில்: பாதி திறந்த அலமாரிக் கதவு]

அடுத்தது, எட்டு வயதுச் சிறுமி சொல்லும் கதை. ஜோஷ் மலர்மேன் 2024இல் எழுதிய ‘இன்சிடென்ட்ஸ் அரவுண்ட் தி ஹவுஸ்’ நாவலில், பெலா என்ற சிறுமியின் அறை அலமாரியில் ஓர் உருவம் இருக்கிறது. அதை அவள் ‘இன்னொரு அம்மா’ என்றே அழைக்கிறாள். உன் இதயத்துக்குள் நான் வரட்டுமா என்று அது அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. அது கத்துவதில்லை, அனுமதிதான் கேட்கிறது. வரிகள் குட்டையாகவும் பக்கங்களில் வெற்றிடம் அதிகமாகவும் இருப்பதால் நூல் வேகமாக ஓடும். ஆனால் என்னை அதிகமாக உலுக்கியது அலமாரி அன்று. மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்து, அவள் படுக்கையருகே உட்கார்ந்து பெற்றோர் தங்கள் தவறுகளையும் வெறுப்புகளையும் வாய்விட்டுச் சொல்லும் பகுதிகள் இதில் வருகின்றன. அவள் விழித்திருக்கிறாள், அத்தனையையும் அப்படியே நம்மிடம் ஒப்பிக்கிறாள். அவளுக்குப் புரியாதது நமக்குப் புரிகிறது. பெரியவர்களுக்கான திகில் என்பது இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

சொல்பவரை நம்பலாமா என்ற விளையாட்டு பிடித்தவர்கள், கேட்ரியோனா வார்டு 2021இல் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஹவுஸ் ஆன் நீட்லெஸ் ஸ்ட்ரீட்’ நாவலையும் தேடிப் படிக்கலாம். கதை சொல்பவர்களில் ஒன்று பைபிள் மீது பற்றுக்கொண்ட பூனை என்பதைத் தவிர அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன், நீங்களும் இணையத்தில் தேடிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கொஞ்சம் இலகுவான நூல் வேண்டும் என்பவர்களுக்கு டி. கிங்ஃபிஷர் 2022இல் எழுதிய ‘வாட் மூவ்ஸ் தி டெட்’ பொருத்தமானது. எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய அஷர் மாளிகைக் கதையை எடுத்து, அதில் பெயரே இல்லாமல் வந்துபோன கதைசொல்லிக்கு ஒரு பெயரையும், ஒரு போர்வீரரின் சலிப்பையும், நல்ல நகைச்சுவையையும் கொடுத்து, மாளிகையின் நோய்க்குக் காளானைக் காரணமாக்கியிருக்கிறார். எழுதிக்கொண்டிருக்கும்போதே சில்வியா மொரேனோ கார்சியாவின் ‘மெக்சிகன் காதிக்’ நாவலைப் படித்துவிட்டு, பூஞ்சையை வைத்து இதைவிட நன்றாக என்ன செய்துவிட முடியும் என்று திகைத்துப்போனதை ஆசிரியரே பின்னுரையில் ஒப்புக்கொள்கிறார். 2020இல் வெளிவந்த அந்த நாவலும் படிக்க வேண்டியதே. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், சிறிது காலத்துக்குக் காளான் உங்கள் தட்டில் இடம்பெறாது என்பதற்கு நான் பொறுப்பில்லை.

[திரையில்: வெறும் மைதானம், வரிசையாக வெள்ளைச் சிலுவைகள்]

டனனாரிவ் டியூவின் ‘தி ரிஃபார்மேட்டரி’ 2023இல் வெளிவந்து, பிராம் ஸ்டோக்கர் விருது பெற்றது. 1950இன் ஃபுளோரிடாவில், தன் அக்காவுக்குத் தொல்லை கொடுத்த வெள்ளை இனத்து இளைஞனை உதைத்ததற்காக, ராபர்ட் என்ற பன்னிரண்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்படுகிறான். அங்கே இறந்துபோன சிறுவர்களின் ஆவிகள் அவன் கண்ணுக்குத் தெரிகின்றன. அதை அறிந்த பள்ளியின் தலைவர், அந்த ஆவிகளைப் பிடித்துத் தரும்படி அவனையே ஏவுகிறார். ஆவிகள் இருக்கின்றனவே என்று பயப்படாமல், அவை வாய்திறந்துவிடுமோ என்று பயப்படும் மனிதர் அவர். இந்தப் பள்ளிக்கு முன்மாதிரி, மரியானா நகரில் 1900 முதல் 2011 வரை இயங்கிய டோசியர் பள்ளி. அங்கே இறந்த சிறுவர்களைப் புதைத்த இடத்தில் நின்ற சிலுவைகள் 31. தெற்கு ஃபுளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோண்டியபோது கிடைத்த புதைகுழிகள் 55. டியூவின் பாட்டனாரின் தலைமுறையைச் சேர்ந்த உறவினரான ராபர்ட் ஸ்டீஃபன்ஸ் என்ற சிறுவன் 1937இல், தன் பதினைந்தாம் வயதில், அங்கேதான் இறந்தான். நாவலின் நாயகனுக்கு அவர் அதே பெயரை வைத்திருக்கிறார்.

மரியானா என்றிக்கேஸின் ‘அவர் ஷேர் ஆஃப் நைட்’ பற்றித் தனிக் காணொளியே போட வேண்டும். அர்ஜென்டினாவின் இராணுவ ஆட்சிக் காலத்தில் மகனை ஒரு இரகசியக் கூட்டத்திடமிருந்து காப்பாற்றத் தவிக்கும் தந்தையின் கதை, மிகவும் தடித்த புத்தகம், அவசரமாகப் படிக்க வேண்டாம்.

வாங்குவதற்கு முன் சில எச்சரிக்கைகள். ‘தி ரிஃபார்மேட்டரி’யில் சிறுவர்கள் அடிக்கப்படும் காட்சிகள் விரிவாக வருகின்றன, என்றிக்கேஸின் நாவலிலும் குழந்தைகளுக்குக் கொடுமை நேர்கிறது, அப்படிப்பட்டவற்றைப் படிக்க இயலாதவர்கள் கிங்ஃபிஷரிடமிருந்து தொடங்குங்கள். ஜோன்ஸின் நாவலில் விலங்குகள் கொல்லப்படுவது மனிதர்கள் கொல்லப்படுவதைப் போலவே நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் எட்டு வயதுக் குழந்தை இருந்தால் மலர்மேனின் நாவலைப் பகலில் படியுங்கள். ஒரே ஒரு நூலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், என் பரிந்துரை எது என்பது இந்தக் காணொளியில் எதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன் என்பதிலிருந்தே தெரிந்திருக்கும்.

நீங்கள் படித்த திகில் நாவல்களில், யார் சொன்னதை முழுமையாக நம்பி ஏமாந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். நூலின் பெயரையும் சொன்னவரின் பெயரையும் மட்டும் எழுதினால் போதும். முடிவை எழுதுபவர்களின் கருத்துகள் தயவு தாட்சண்யமின்றி நீக்கப்படும்.